பிடி பிளந்தால் துப்பாக்கி தோற்றதா? அளவுமீறிய தோட்டாவும் மாடுலர் பாலிமர் கைத்துப்பாக்கியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் வட்டாரங்களில் உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. வீட்டுப் பாதுகாப்புக்காக வாங்கியவர்கள், தனியார் காவல் நிறுவனங்களில் பணிபுரிபவர்கள், வார இறுதியில் சுடுதளத்துக்குச் செல்பவர்கள் என்று அவர்கள் பலவகையினர். பிடி பிளந்து, தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசின் கீழே தெறித்து, கரி படிந்து கிடக்கும் ஒரு துப்பாக்கியின் படம் கைபேசிகளில் சுற்றத் தொடங்கினால், இவர்களிடையே இரண்டு கருத்துகள் எழுவது வழக்கம். பிளாஸ்டிக்கில் செய்த துப்பாக்கி இப்படித்தான் வெடிக்கும் என்பது ஒன்று. பிடியைத் தனியே கழற்றி மாற்றக்கூடிய மாடுலர் வகை என்றால் புதிய பிடியை மாட்டிக்கொண்டு மீண்டும் சுடலாம் என்பது மற்றொன்று. இரண்டாவது கருத்தே அதிக ஆபத்தானது. ஏன் என்பதை அறிய, சுடும்போது எந்த உறுப்பு எந்தச் சுமையைத் தாங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சொற்களும் உறுப்புகளும்

இக்கட்டுரையில் தோட்டா என்பது முழு உருப்படியைக் குறிக்கும். அதில் நான்கு பகுதிகள் உள்ளன: முனையில் குண்டு, அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு, கூட்டுக்குள் பவுடர் எனப்படும் மருந்து, அடியில் பொறி தரும் பிரைமர். இயல்பைவிட மிகுந்த அழுத்தம் எழுப்பும் தோட்டாவையே அளவுமீறிய தோட்டா என்கிறோம். தோட்டா அமரும் இடம் குழலின் பின்பகுதியிலுள்ள அறை. குழலையும் அறையையும் பின்னாலிருந்து அடைத்து நிற்பது மேலே ஓடும் எஃகு ஸ்லைடு. இவற்றைச் சுமந்து, கையில் பிடிக்கத் தருவது சட்டகம்.

பாலிமர் கைத்துப்பாக்கியில் சட்டகம் மட்டுமே பாலிமர், அதாவது ஒருவகைப் பிளாஸ்டிக். 1970இல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் விபி70 என்ற மாதிரியில் இதைத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் க்ளாக் 17 இதை உலகெங்கும் பரப்பியது. க்ளாக்கில் ஸ்லைடு ஓடும் எஃகுத் தண்டவாளங்கள் பாலிமருக்குள்ளேயே வார்க்கப்பட்டுள்ளன. மாடுலர் வகை அடுத்த படி. அதில் தண்டவாளங்கள், டிரிகர், சுடும் பொறிமுறை எல்லாம் ஒரே எஃகுச் சட்டத்தில் அமைந்து, அந்தச் சட்டம் முழுவதாகக் கழன்று வரும். வரிசை எண் அதன்மீதுதான் பொறிக்கப்பட்டிருக்கும். வெளியே தெரியும் பிடி எண்ணில்லாத ஓர் உறை. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 இவ்வகையில் பெயர்பெற்றது; அமெரிக்க இராணுவம் 2017 ஜனவரியில் இதன் வடிவம் ஒன்றை எம்17 என்ற பெயரில் ஏற்றது. பெரெட்டா ஏபிஎக்ஸ், சிக் பி365 ஆகியவையும் இதே கொள்கையில் அமைந்தவை.

பி320 பற்றி ஓர் இடைக்குறிப்பு. கீழே விழுந்தால் சுடுகிறது என்ற புகாரும், அதற்காக 2017 ஆகஸ்டில் நிறுவனம் அறிவித்த தன்னார்வ மேம்படுத்தலும் செய்திகளில் அதிகம் அடிபட்டன. அவை டிரிகர் பொறிமுறை தொடர்பானவை. தோட்டாவின் அழுத்தத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. இணைய விவாதங்களில் இரண்டையும் சேர்த்துக் குழப்புவதால்தான் இதைச் சொல்ல நேர்கிறது.

அழுத்தத்தைத் தாங்குவது எது

9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவுக்குப் பன்னாட்டுச் சோதனை ஆணையமான சி.ஐ.பி. வகுத்துள்ள உச்ச அழுத்தம் 2,350 பார். நாம் சுவாசிக்கும் வளிமண்டலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் மட்டுமே. அந்த ஆணையத்தின் உறுப்பு நாடுகளில் செய்யப்படும் துப்பாக்கிகள், விற்பனைக்கு வருமுன் இந்த உச்சத்தைவிட 30 விழுக்காடு கூடுதல் அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவால் சுடப்பட்டு முத்திரை பெறுகின்றன. ஆஸ்திரியாவிலிருந்தும் செக் குடியரசிலிருந்தும் தென்னாப்பிரிக்காவுக்கு வரும் துப்பாக்கிகளின் குழலிலும் ஸ்லைடிலும் காணப்படும் சிறு முத்திரைகள் இதற்கான சான்று. ஆகவே விதிக்கு உட்பட்ட தோட்டாக்களில் தொகுதிக்குத் தொகுதி நேரும் சிறு ஏற்றத்தாழ்வு எந்தத் துப்பாக்கியையும் உடைப்பதில்லை.

இந்த அழுத்தம் மூன்று பொருள்களின்மீது விழுகிறது: பக்கவாட்டில் அறையின் எஃகுச் சுவர், பின்னால் ஸ்லைடின் முகப்பு, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறு இடைவெளியில் பித்தளைக் கூடு. சட்டகம் இந்தப் பட்டியலில் இல்லை. சுட்டவுடன் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிய நிலையில் சில மில்லிமீட்டர் தூரம் சேர்ந்தே பின்னகர்கின்றன. குண்டு குழலைவிட்டு வெளியேறி, அழுத்தம் தாழ்ந்த பிறகே பூட்டு விலகுகிறது. உச்ச அழுத்தம் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்தில் வந்து போய்விடுவதால், அந்நேரம் முழுவதும் எஃகு எஃகோடு மட்டுமே போராடுகிறது. ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் மீள்சுருளைக் கடினமானதாக மாட்டினால் வலிய தோட்டாவைத் தாங்கும் என்று சுடுதளங்களில் கூறப்படுவதுண்டு. ஸ்லைடு பின்னோடும் வேகத்தை அது குறைக்கும்; உச்ச அழுத்தத்தின்மீது அதற்கு எந்த ஆட்சியும் இல்லை.

எஃகைவிடப் பித்தளை மிகவும் மென்மையானது. குக்கரின் உலோகப் பாத்திரம் திடமாக நிற்க, ரப்பர் வளையம் விட்டுக்கொடுத்து நீராவி பக்கவாட்டில் பீறிடுவதைப் போன்றதே இங்கும் நிகழ்கிறது. அறை பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது. அடைப்பானாக நின்ற கூடு கிழிகிறது.

கிழியும் இடமும் ஏறத்தாழ முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஒன்று. மேகசினிலிருந்து மேலேறி வரும் தோட்டா சிக்காமல் அறைக்குள் நுழைய, அறையின் கீழ்விளிம்பில் ஒரு சரிவு வெட்டப்பட்டிருக்கும். அந்தச் சரிவுள்ள இடத்தில் கூட்டின் அடிப்பகுதிக்குப் பின்னால் எஃகுச் சுவர் இல்லை. சரிவு ஆழமாக இருந்தால் தோட்டா எளிதில் ஏறும், ஆனால் கூடு அந்த அளவுக்குத் துணையின்றி நிற்கும். .40 எஸ் அண்ட் டபிள்யூ என்ற மற்றொரு தோட்டா அளவில் வந்த பழைய க்ளாக் குழல்களில் இந்த இடைவெளி சற்றுப் பெரிது என்ற விமர்சனம் நெடுங்காலம் நிலவியது. ஒரு துப்பாக்கி அளவுமீறிய தோட்டாவை எப்படி எதிர்கொள்ளும் என்று கேட்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான். சட்டகத்தின் பொருள் அதற்குப் பிறகே வருகிறது.

மருந்து இரு மடங்கானால்

புகையில்லா மருந்து எரியும் வேகம் நிலையானதல்ல. சூழ்ந்துள்ள அழுத்தம் கூடக் கூட அது விரைந்து எரிகிறது. விரைந்து எரிவதால் அழுத்தம் மேலும் கூடுகிறது. 1884இல் புகையில்லா மருந்தை உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேயின் பெயரால் இந்த உறவு இன்றும் அறியப்படுகிறது. எனவே மருந்து இரு மடங்கானால் அழுத்தம் இரு மடங்கோடு நிற்பதில்லை. சோதனைத் தோட்டாவின் 30 விழுக்காட்டு வரம்பு இங்கே பொருளற்றதாகிவிடுகிறது.

அழுத்தம் எல்லை மீறும் வழிகள் பல. அவற்றுள் முக்கியமானவை:

1. இரட்டை மருந்து. வீட்டில் தோட்டா நிரப்புவோர் விரைவாக எரியும் பவுடரைப் பயன்படுத்தும்போது, ஒரு தோட்டாவுக்குரிய அளவு கூட்டில் பாதியைக்கூட நிரப்பாமல் போகலாம். கவனம் சிதறி இரண்டாம் முறை ஊற்றினாலும் மருந்து வழியாது. மேலே குண்டை அழுத்தியபின் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

2. குண்டு உள்வாங்குதல். தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவர் நாள்தோறும் இரவில் தோட்டாவை அறையில் ஏற்றுவதும் காலையில் இறக்குவதுமாக இருந்தால், அதே மேல்தோட்டா மீண்டும் மீண்டும் சரிவில் மோதி, குண்டு மெல்லக் கூட்டுக்குள் அமுங்குகிறது. 9 மி.மீ. கூட்டின் உள்ளிடம் ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைவு. அதில் சிறிது குறைந்தாலும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். தொழிற்சாலையில் சரியாக நிரப்பிய தோட்டாவையே உரிமையாளர் தம் பழக்கத்தால் அளவுமீறியதாக்கிவிடும் நிலை இது. வீட்டில் நிரப்பாதவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது என்பதால், மற்ற காரணங்களைவிட இதையே வலியுறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

3. குழல் அடைப்பு. மருந்தே இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்தால் குண்டு குழலின் நடுவில் நின்றுவிடும். சத்தம் மங்கலாகக் கேட்டதைப் பொருட்படுத்தாமல் அடுத்ததைச் சுட்டால், அந்தத் தோட்டா முற்றிலும் சரியானதாக இருந்தாலும் குழல் புடைக்கும்.

4. தவறான மருந்து. பழைய டப்பாவில் புதிய பவுடரைக் கொட்டி வைப்பது, எடுத்த டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குவது போன்றவை இதற்கு வழிவிடுகின்றன.

வாயு போகும் வழியும் பாலிமரின் குணமும்

கூட்டின் அடிப்பகுதி கீழ்நோக்கிக் கிழிந்தால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார் அழுத்தமுள்ள வாயு நேரே மேகசின் இருக்கும் வெற்றிடத்துக்குள் பாய்கிறது. மேகசின் கீழே தள்ளப்படுகிறது அல்லது அங்கேயே உப்பி நிற்கிறது. அதிலுள்ள தோட்டாக்கள் நசுங்குவதும் உண்டு. கூட்டை அறையிலிருந்து இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பக்கவாட்டில் பறந்து போகலாம். எஞ்சிய வாயு பிடியின் சுவர்களை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. படங்களில் நாம் காணும் பிளவு இந்தக் கட்டத்தில் நிகழ்வது. அதாவது பிடி பிளப்பதற்கு முன்பே விபத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

இங்கே பாலிமரின் இயல்பு கணக்கில் வருகிறது. எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்தினுடையது சுமார் 70. கண்ணாடி இழை கலந்த நைலானின் விறைப்பு பொதுவாகப் பத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே பாலிமர் சுவர் எளிதில் வெளியே வளைந்து, வாயுவுக்கு இடம் கொடுத்துவிட்டுப் பெருமளவு பழைய வடிவுக்கே திரும்புகிறது. உலோகச் சட்டகம் அவ்வாறு வளைவதில்லை. ஆனால் அதன் இருபக்கமும் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன தனித்தகடுகள் திருகப்பட்டிருப்பதால், வாயு அந்தத் தகடுகளை உடைத்துக்கொண்டு உள்ளங்கையை நோக்கிப் பாய்கிறது. தென்னாப்பிரிக்கக் காவல்துறை நெடுங்காலம் பயன்படுத்திவரும் வெக்டர் இசட்88 அலுமினியக் கலவைச் சட்டகத்தில் இத்தகைய தகடுகள் பொருத்தப்பட்டதே. சுடுபவரின் கையைப் பொறுத்தவரை ஒரே துண்டாக வார்த்த பாலிமர் பிடி தாழ்ந்தது என்று சொல்ல இடமில்லை. பெரும்பாலான நிகழ்வுகளில் கை கன்றிப்போவதும் சிறு கீறல்களும்தான் நேர்கின்றன. பித்தளைச் சிதறல்கள் ஸ்லைடின் திறப்பு வழியாகக் கண்ணை நோக்கி வருவதே உண்மையான ஆபத்து, அதற்கும் சட்டகத்தின் பொருளுக்கும் தொடர்பில்லை. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுடுதளத்தில் நிற்பவர் எந்த உலோகத்தை நம்பியும் பயனில்லை.

குவாசுலு-நாட்டால் கடற்கரையின் ஈரப்பதம் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. நைலான் ஈரத்தை உறிஞ்சும்போது விறைப்பு குறைந்து, எளிதில் உடையாத தன்மை கூடுகிறது.

ஆனால் மீண்டு வரும் அதே குணம் சேதத்தை மறைக்கவும் செய்கிறது. வளைந்த அலுமினியம் வளைந்தே கிடக்கும், பார்த்தவுடன் தெரியும். பாலிமர் தன் இடத்துக்குத் திரும்பியபின், உட்புறத்தில் உறுப்புகளைப் பிணைக்கும் ஊசிகளின் துளை ஓரங்களில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கருநிறத்தில் அது கண்ணுக்கு எளிதில் படாது.

சேதத்தைப் படிக்கும் முறை

உடைந்த துப்பாக்கியைப் பார்த்துக் காரணத்தை ஓரளவு ஊகிக்க முடியும்.

1. குழலின் நடுவில் மோதிரம் போலப் புடைப்பு, பிடியில் சேதமில்லை: குழல் அடைப்பு.

2. கூடு சரிவுள்ள கீழ்ப்பக்கத்தில் கிழிந்து, மேகசின் தள்ளப்பட்டு, அறை நலமாக இருத்தல்: மிதமான மிகையழுத்தம், உள்வாங்கிய குண்டு, அல்லது பலமுறை பயன்படுத்திக் களைத்த கூடு.

3. அறையே பிளந்து அல்லது ஸ்லைடு விரிந்து போதல்: இரட்டை மருந்து அல்லது தவறான மருந்து. இங்கே எந்த வடிவமைப்பும் துப்பாக்கியைக் காப்பாற்றாது.

4. கூட்டின் பின்பகுதி சுற்றிலும் உப்பி வெடித்து, அறையில் எந்தக் குறையும் இல்லாதிருத்தல்: ஸ்லைடு முழுவதும் மூடுமுன் சுட்டது. இது அழுத்தம் மீறியதல்ல. சாதாரண அழுத்தமே துணையற்ற கூட்டைக் கிழித்தது.

இரண்டாவதும் நான்காவதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். கிழிந்த கூட்டைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்தால்தான் இரண்டையும் பிரித்தறிய வழியுண்டு. பிடியின் படத்தைவிட அந்தச் சிறு பித்தளைத் துண்டு அதிகம் பேசும்.

மாடுலர் அமைப்பு மாற்றுவது எதை

மேலே கண்டவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. குழல், ஸ்லைடு, கூடு ஆகிய மூன்றும் மாடுலர் வகையிலும் பழைய வகையிலும் ஒரே வேலையையே செய்கின்றன. அளவுமீறிய தோட்டாவைத் தாங்கும் திறனில் மாடுலர் அமைப்பு கூடுதலாக எதையும் தருவதில்லை, குறைப்பதுமில்லை. அது மாற்றுவது விபத்துக்குப் பிந்திய கணக்கை.

க்ளாக் போன்ற வகையில் பாலிமர் சட்டகம் விரிந்தால், வரிசை எண் தாங்கிய தகடும் தண்டவாளங்களும் அதனுள்ளேயே இருப்பதால் முழுச் சட்டகமும் கழிவு. மாடுலர் வகையில் எண் தாங்கிய எஃகுச் சட்டத்தைக் கழற்றி, புதிய பிடியில் பொருத்தலாம். பிடியின் விலை முழுத் துப்பாக்கியின் விலையில் சிறு பங்குதான். இந்தச் சலுகையே பொறியும்கூட. பீறிட்ட வாயு பிடியை அடையுமுன் எஃகுச் சட்டத்தைக் கடந்தே செல்கிறது. அந்தச் சட்டம் கனத்த எஃகுக் கட்டியல்ல. இருபுறமும் மெல்லிய சுவர்கள் கொண்டது. அந்தச் சுவர்களுக்கு நடுவே டிரிகர் கம்பியும், பிரைமரை அடிக்கும் சுத்தியூசியைப் பிடித்திருக்கும் கொக்கியும் மிகச் சிறிய பரப்பில் ஒன்றோடொன்று தொட்டு நிற்கின்றன. சுவர் மில்லிமீட்டரில் சிறு பின்னமளவு விரிந்தாலும் அந்தத் தொடுபரப்பு மாறும். புதிய பிடி அதன்மேல் அழகாகப் பொருந்திவிடும், ஸ்லைடும் தடையின்றி ஓடும், ஆனால் உள்ளே இருப்பது நம்பத்தகாத பொறிமுறை.

ஆகவே பிடியை மாற்றுவது இறுதிப் படியாக இருக்க வேண்டும். அதற்கு முன் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் குழலின் அறையை அளந்து, ஸ்லைடின் முகப்பிலும் திறப்பின் மூலைகளிலும் விரிசல் தேடி, எஃகுச் சட்டத்தின் சுவர்கள் இணையாக உள்ளனவா என்று பார்த்தாக வேண்டும். ஐயம் நீங்கவில்லையெனில் உற்பத்தியாளருக்கே அனுப்புவது நலம்.

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் எது துப்பாக்கி

2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. 8 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலில் குண்டை எறியும் கருவி மட்டுமல்லாமல், அதன் குழலும் சட்டகமும் தனித்தனியே துப்பாக்கி என்ற இச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. இதனால் மாடுலர் வகையைப் பற்றி அமெரிக்க நூல்களில் படிக்கும் செய்தி இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே எண் பொறித்த எஃகுச் சட்டம் ஒன்றே துப்பாக்கி. குழலை யாரும் அஞ்சலில் வாங்கலாம். இங்கே பிளந்த குழலை மாற்றுவதும் சட்டம் தொடும் செயல். எந்த உறுப்பையும் வாங்குமுன், காவல் நிலையத்தில் இதற்கென உள்ள துப்பாக்கி அலுவலரைக் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

13ஆம் பிரிவின்படி தற்காப்புக்கென ஒருவர் ஒரு துப்பாக்கிக்கு மட்டுமே உரிமம் பெறலாம். அது உடைந்துபோனால் மாற்று ஆயுதம் கையிருப்பில் இராது; புதிய உரிமத்துக்கு மீண்டும் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். உடைந்ததை எப்படியாவது ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தும் ஆசை இங்கே பிறநாடுகளைவிட வலுவாக எழுவதற்கு இதுவே காரணம் எனத் தோன்றுகிறது.

தோட்டா பற்றியும் சட்டம் பேசுகிறது. சாதாரண உரிமதாரர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்களுக்கு மேல் அனுமதியின்றி வைத்திருக்க இயலாது. போட்டிகளில் முனைப்போடு சுடும் பதிவுபெற்றவர்களுக்கு இவ்வரம்பு இல்லை. ஆனால் கடையில் வாங்கும் தோட்டாவின் விலை அவர்களைச் சொந்தமாக நிரப்பும் வழிக்குத் தள்ளுகிறது. மேற்குக் கேப்பின் சோம்கெம் பவுடர்கள் அவர்களிடையே நெடுநாள் பழக்கத்தில் உள்ளவை. 2021 மே மாதம் கருத்துக்கேட்புக்கு வெளியிடப்பட்ட சட்டத்திருத்த வரைவு, தற்காப்பை உரிமத்துக்கான காரணமாக ஏற்பதை நீக்கவும், தனியார் தோட்டா நிரப்புவதைத் தடைசெய்யவும் முன்மொழிந்து கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்த விவாதத்தில் தரப்பட்ட வாதங்கள் பெரும்பாலும் குற்றத்தடுப்பைச் சார்ந்தவை. நிரப்புவோரின் கவனக்குறைவால் துப்பாக்கி வெடிப்பது வேறு தளத்துப் பிரச்சினை. அதைத் தடையைவிடப் பயிற்சியே குறைக்கும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மீதமுள்ள தோட்டாக்கள்

ஒரு தோட்டா வெடித்தபின் அதே தொகுதியில் எஞ்சியவற்றை என்ன செய்வது என்ற கேள்வி, துப்பாக்கியைப் பற்றிய கேள்வியைவிட அவசரமானது. ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துக் கனமானதை ஒதுக்கிவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். 9 மி.மீ. தோட்டாவில் விரைந்து எரியும் மருந்தின் எடை பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு கிராம் அளவே. வெவ்வேறு தொழிற்சாலைகளின் கூடுகள் கலந்த தொகுதியில், கூட்டுக்குக் கூடு எடை அதே அளவுக்கு வேறுபடும். ஆகவே கனமான கூட்டில் சரியான மருந்தும், இலேசான கூட்டில் இரட்டை மருந்தும் தராசில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஒரே தொழிற்சாலை முத்திரையுள்ள கூடுகளில் இம்முறை ஓரளவு உதவும், உறுதி தராது. நிரப்பியவர் தாமே என்றால், குண்டு கழற்றும் கருவியால் தொகுதி முழுவதையும் பிரித்து மருந்தைத் தனித்தனியே நிறுக்க வேண்டும். கடையில் வாங்கியது என்றால் தொகுதி எண் அச்சிட்ட அட்டைப்பெட்டியோடு, சுடாத தோட்டாக்களையும் கிழிந்த கூட்டையும் விற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தத் தொகுதி எண் இல்லாமல் உற்பத்தியாளரால் எதையும் தேடிக் கண்டுபிடிக்க இயலாது.